பத்து வயதில் வருடம் முழுக்கப் பயிற்சி: பிள்ளையை எந்த வழியில் விடுவது?

கோடை முகாம் முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் கிரவுண்டு ஓரமாக நிற்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கோச் நல்லா வருவான்னு சொல்றார். இனி வருஷம் முழுக்க விடலாமா? எங்க விடறது?" அவர்கள் பிள்ளைக்கு வயது ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும். இந்தக் கட்டுரையும் அந்த வயதுக்காரர்களுக்குத்தான். பதினாறு வயதில் மாநிலப் பதக்கம் வாங்கியவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

தமிழ்நாட்டில் இன்றைக்கு நடைமுறையில் நான்கு வழி இருக்கிறது. கோடை முகாமோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே விளையாட்டுக்கான தனியார் அகாடமியில் பன்னிரண்டு மாதமும் சேர்க்கலாம். வருடம் முழுக்கப் பயிற்சி, ஆனால் விளையாட்டுகளைக் கலந்து செய்யலாம். அல்லது அரசு விளையாட்டு விடுதிக்கு அனுப்பலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார இறுதிகளில் சின்னப் பிள்ளைகளுக்குத் தடகளம் சொல்லிக்கொடுக்கிறவன் நான், அதனால் மூன்றாவது வழியின் பக்கம்தான் நிற்பேன். அது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது என்பதும் தெரியும்.

கோடை முகாமைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மாவட்ட விளையாட்டரங்குகளில் மாநில அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துவதும், தனியார் நடத்துவதுமாக இரண்டு மூன்று வாரம் ஓடும். பிள்ளைக்கு எது பிடிக்கிறது என்று பார்க்க நல்ல இடம், அவ்வளவுதான். அங்கே ஏறிய தெம்பு ஆடி மாதத்துக்குள் கரைந்துவிடும். ஒவ்வொரு வருடமும் வேறு வேறு விளையாட்டு முகாமுக்கு அனுப்பினால் காசுக்கு மோசமில்லை.

ஒரே விளையாட்டு, பன்னிரண்டு மாதம்

நகரங்களில் பெரும்பாலானோர் போவது இந்த வழியில்தான். கிரிக்கெட், பேட்மிண்டன், டென்னிஸ், ஃபுட்பால். இதில் நன்மை இல்லாமல் இல்லை. கோச் தினமும் பிள்ளையைப் பார்க்கிறார். கிரிப்பும் கால் வைப்பும் சீக்கிரம் சரியாகின்றன. டோர்னமென்ட் அனுபவம் கிடைக்கிறது. எந்த செலக்‌ஷன் எப்போது என்ற தகவல் வீடு தேடி வருகிறது. இந்தத் தகவலை லேசாக நினைக்கக் கூடாது. பல பெற்றோர் மாதக் கட்டணம் கட்டுவதே அதற்காகத்தான்.

இப்போது ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் வாரத்தைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். திங்கள் முதல் சனி வரை மாலை 2 மணி நேரம், அது 12. ஞாயிறு மேட்ச் என்றால் இன்னொரு 4. ஆக 16 மணி நேரம். அதிகாலை பேட்ச்சும் உண்டென்றால் 20ஐத் தாண்டிவிடும். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: வாரத்தில் கோச் வைத்து நடக்கும் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயதென்றால் 10 மணி நேரம். சிகாகோ பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களிடம் நடந்த ஆய்வில், இந்த எல்லையைத் தாண்டியவர்களுக்கும் ஒரே விளையாட்டில் ஒடுங்கியவர்களுக்கும் கடுமையான மிகைப்பயன்பாட்டுக் காயங்கள், அதாவது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வருபவை, அதிகம் என்று தெரிந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2016இல் இன்னும் தெளிவாகச் சொன்னது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு வேண்டும். தான் ஆடும் அந்த விளையாட்டிலிருந்து வருடத்தில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, விலகி இருக்க வேண்டும். ஒரே விளையாட்டில் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போட்டால் நல்லது.

மிகைப்பயன்பாட்டுக் காயம் என்றால் பெரிய அடி எதையோ நினைத்துக்கொள்கிறோம். பார்ப்பதற்கு அப்படி இருக்காது. பதினொரு வயதுப் பையன், லெதர் பாலில் வேகப்பந்து வீசுகிறவன். பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும்போது குதிகாலைத் தரையில் வைக்காமல் முன்பாதத்தில் நடந்தான். கேட்டால், "ஒண்ணுமில்ல சார், ஷூ கடிக்குது." ஷூவைக் கழற்றிக் குதிகாலை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தியதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அந்த வயதில் குதிகால் எலும்பில் ஒரு வளர்தட்டு, அதாவது எலும்பு வளரும் மென்மையான பகுதி, இருக்கும். எலும்பு வளரும் வேகத்துக்குப் பின்னங்கால் தசை நீளாமல், ஓடும்போதெல்லாம் அந்த இடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சீவர்ஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். முட்டிக்குக் கீழே வந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர். இரண்டுக்கும் ஓட்டத்தையும் தாவலையும் குறைப்பதுதான் முதல் மருந்து. அந்த அகாடமியில் அடுத்த வாரம் டோர்னமென்ட் இருந்தது, பையனின் காலில் டேப் சுற்றி இறக்கினார்கள். இந்த நோவு எப்படியும் ஆறிவிடும் வகை. வேகப்பந்து வீசும் வளரிளம் பிள்ளைகளுக்குக் கீழ்முதுகு எலும்பில், திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டு விரிசலாக விழும் அழுத்த முறிவு அப்படியல்ல, மாதக்கணக்கில் உட்கார வைத்துவிடும். இங்கிலாந்து, ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியங்கள் சிறுவர்கள் எத்தனை ஓவர் வீசலாம் என்று வயதுவாரியாக வரம்பு வைத்திருப்பது இதனால்தான். நம் ஊர் அகாடமிகளில் நெட்ஸில் வீசும் பந்துகளை யாராவது எண்ணுகிறார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

"அடிபடுவது எல்லா விளையாட்டிலும் உண்டு, ஜெயிக்க வேண்டுமே" என்பார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் ஜெயிக்கும் கணக்கிலும் இந்த வழி நினைத்த அளவுக்குத் தேறவில்லை. 6,000க்கும் மேற்பட்ட வீரர்களின் தகவல்களைத் திரட்டி 2021இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. ஜூனியர் பிரிவுகளில் முந்தியவர்கள் முக்கிய விளையாட்டைச் சீக்கிரம் தொடங்கி, அதிலேயே அதிகம் உழைத்தவர்கள். பெரியவர்கள் பிரிவுக்கு வந்தால் படம் தலைகீழ். தேசியத் தரத்தோடு நின்றவர்களோடு ஒப்பிட்டால், உலகத் தரத்தை எட்டியவர்கள் தங்கள் விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறார்கள், சிறுவயதில் மற்ற விளையாட்டுகளில் அதிக நேரம் செலவழித்திருக்கிறார்கள், ஆரம்பத்தில் மெதுவாகத்தான் முன்னேறியிருக்கிறார்கள். பன்னிரண்டு வயது மெடலுக்கான பாதையும் இருபத்திரண்டு வயது மெடலுக்கான பாதையும் வேறு வேறு என்பதுதான் இங்கே சிக்கல். அகாடமிக்கு விளம்பரம் தேடித் தருவது அந்தப் பன்னிரண்டு வயது மெடல்.

நம்மூரிலேயே பாருங்கள். வருண் சக்கரவர்த்தி பள்ளியில் விக்கெட் கீப்பர். நடுவில் கிரிக்கெட்டையே விட்டுவிட்டுக் கட்டடக் கலை படித்தார். திரும்பி வந்து வேகம் போட்டு, முட்டியில் அடிபட்டு, அதற்கப்புறம்தான் சுழலுக்கு மாறினார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பாலில் ஆடியவர். அஸ்வின் சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர், இடுப்பில் அடிபட்ட பிறகு ஆஃப் ஸ்பின்னர். இவர்களைக் காட்டி எப்போது வந்தாலும் போதும் என்று சொல்ல வரவில்லை. இவர்களைப் போல ஆயிரம் பேர் தாமதமாக வந்து காணாமல் போயிருப்பார்கள். பதினோரு வயதில் எதுவும் முடிவாகிவிடுவதில்லை என்பதற்கு மட்டும்தான் இந்த உதாரணம்.

இன்னொன்றும் உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஜெயிக்கிறவன் பல சமயம் சீக்கிரம் வளர்ந்த பையன். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஓடுகிறார்கள், நடுவில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் பிள்ளை டிசம்பரில் பிறந்து, ஒல்லியாக, ஹீட்ஸ் எனும் முதல் சுற்றிலேயே வெளியேறுகிறதென்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மீசை அரும்பிய ஏழாம் வகுப்புப் பையன் டிஸ்ட்ரிக்டில் முதல் பரிசு வாங்கினாலும் அதே புத்திமதிதான்.

வருடம் முழுக்க, ஆனால் கலந்து

நீண்டகால வீரர் வளர்ச்சி என்ற பெயரில் இன்று அகாடமி போர்டுகளில் எழுதப்படும் சங்கதிக்கு வடிவம் கொடுத்தவர் இஸ்த்வான் பாலி என்ற பயிற்சியியல் நிபுணர். 1990களில் தொடங்கிய அந்தச் சிந்தனையைக் கனடா 2005 வாக்கில் தேசிய அளவில் எடுத்துக்கொண்டது. சாரம் எளிமையானது. ஆறு வயதிலிருந்து ஒன்பது வரை ஓட, தாவ, எறிய, பிடிக்க, சமநிலையில் நிற்க விளையாட்டாகவே கற்றுக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வரை பல விளையாட்டுகளின் திறன்களைப் பழக வேண்டும். உயரம் கிடுகிடுவென்று ஏறும் காலத்தில், பெண்களுக்கு 12 வயதை ஒட்டி, ஆண்களுக்கு 14ஐ ஒட்டி, உடம்பைப் பார்த்துப் பயிற்சியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கடும் போட்டியெல்லாம் அப்புறம்.

இதில் ஒரு பகுதியை நான் நம்புவதில்லை. வேகத்துக்கு இத்தனை வயது, பலத்துக்கு இத்தனை வயது, அந்தச் சன்னல் மூடிவிட்டால் போச்சு என்று ஒரு அட்டவணை சுற்றுகிறது. அதற்கான ஆதாரம் பலவீனமானது என்று 2011இலேயே ஆய்வாளர்கள் விமர்சித்துவிட்டார்கள். அந்த அட்டவணையைக் காட்டி "இப்ப சேர்க்கலன்னா லேட்டாயிடும்" என்று யாராவது சொன்னால், அது விற்பனைப் பேச்சு. ஆனால் உயரத்தை அளந்துகொண்டு வருவது உண்மையிலேயே பயனுள்ளது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் பென்சில் கோடு போட்டால் போதும். கோடுகள் விலக ஆரம்பித்ததும் தாவலையும் பந்துவீச்சையும் குறைக்கச் சொல்லிக் கோச்சிடம் பேசலாம்.

கலந்து பழகுவது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கு: இந்தியத் தடகளக் கூட்டமைப்பு நடத்தும் மாவட்டங்களுக்கிடையிலான தேசிய ஜூனியர் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோருக்கு டிரையத்லான் இருக்கிறது. 60 மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், கூடவே இன்னொரு போட்டி. இந்த வயதில் ஒன்றில் மட்டும் ஒடுங்காதே என்று கூட்டமைப்பே சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். நார்வேயில் இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைக்கு 11 வயதாகும் வருடம் வரை முடிவுப் பட்டியலே போடக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தச் சின்ன நாடு வாங்கிய தங்கம் 16. இந்த விதியால்தான் அது வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. விதியால் கெட்டுப்போகவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

நம் ஊர் நாட்காட்டியும் இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. ஜூன், ஜூலையில் ஓட்டம், தாவல், எறிதல் என்று அடிப்படை. பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளும், அதைத் தொடர்ந்து மாவட்டப் போட்டிகளும் வரும். முதலமைச்சர் கோப்பையும் 2024, 2025இல் இந்தப் பக்கமாகத்தான் நடந்தது. அந்தச் சமயம் பிள்ளை விரும்பும் போட்டியில் இறங்கட்டும். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கிரவுண்டு சேறாகும். உள்ளரங்குக்குப் போகலாம்: டேபிள் டென்னிஸ், பேட்மிண்டன், தரையில் பல்டி, சொந்த உடல் எடையை வைத்துப் பலப் பயிற்சி. அரையாண்டுத் தேர்வும் அதற்குள் வந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரை காலை நேரம் அருமையாக இருக்கும், முக்கிய விளையாட்டுக்கு அதை ஒதுக்கலாம். ஏப்ரலில் நீச்சல். மே மாதம் லீவு, பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தெருவில் ஆடுவதும் பயிற்சிதான், அதற்குக் கட்டணமில்லை.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் தொட்டுப் பிடித்து ஆடினார்கள். கோச் சொன்ன ஒரே விதி, கோட்டுக்கு வெளியே ஒரு காலை மட்டும் வைத்துத் திரும்பலாம். அப்புறம் முழங்கால் உயரத்துக்கும் குறைவான தடைகளைத் தாண்டினார்கள், ஒருமுறை வலதுகாலை முன்வைத்து, ஒருமுறை இடது. பத்து பேருக்கு மேல் ஒரு வரிசையில் நிற்கவில்லை, மூன்று வரிசையாகப் பிரித்திருந்தார். கடைசியில் ஆளுக்கொரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, யார் சத்தமில்லாமல் தாவி இறங்கிப் பந்தைப் பிடிக்கிறார்கள் என்று போட்டி. ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தையும் கையைக் கட்டிக்கொண்டு நின்று நான் பார்க்கவில்லை.

இந்த வழியின் கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். இதை ஒரே கூரைக்குள் உருப்படியாகத் தரும் இடங்கள் குறைவு. பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோதான் அங்கொன்று இங்கொன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். விளையாட்டரங்கில் தடகளம் இரண்டு நாள், பக்கத்துத் தெரு கிளப்பில் பேட்மிண்டன் இரண்டு நாள் என்று. ஒரு கோச்சுக்கு இன்னொரு கோச் என்ன செய்கிறார் என்று தெரியாது. இரண்டு பேரும் ஒரே நாளில் கால் வலிக்கத் தாவ விட்டால் கலந்த பலன் காற்றில் போச்சு. வண்டியில் கொண்டுவிட ஆள் வேண்டும். கோப்பைகள் மெதுவாகத்தான் வரும், சொந்தக்காரர்கள் "இன்னும் ஒண்ணும் வாங்கலையா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். பணத்தைப் பொறுத்தவரை, அரசு விளையாட்டரங்கைப் பயன்படுத்தினால் தனியார் அகாடமியைவிட நிச்சயம் குறைவு. நகரத்துப் பெரிய குடியிருப்புகளில் பல விளையாட்டுத் திட்டம் என்று விற்கப்படும் சிலவற்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வாரத்துக்கு ஒரு விளையாட்டு என்று மாற்றிக்கொண்டே போனால் எதுவும் ஒட்டாது. ஒரு பருவம், அதாவது இரண்டு மூன்று மாதமாவது, ஒன்றில் இருக்க வேண்டும்.

விளையாட்டு விடுதி

ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வு நடக்கும். கோடையில் அறிவிப்பு வரும், மாவட்டத்தில் தேர்வு, அப்புறம் மாநில அளவில். தங்குமிடம், சாப்பாடு, உடை, உபகரணம் எல்லாம் அரசு செலவு. கோவில்பட்டி ஹாக்கி விடுதியில் வளர்ந்த கார்த்தியும் மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி, பள்ளியில் தொடங்கி, பிறகு கேரளத்தின் தலசேரியில் உள்ள மத்திய அரசின் பயிற்சி மையத்தில் தங்கிப் பயின்றவர்.

வீட்டில் பிள்ளைக்குச் சத்தான சாப்பாடு போடவே சிரமம், ஆனால் திறமை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மேலே நான் சொன்ன வாதங்களெல்லாம் பின்னால் போய்விடும். முட்டையும் பாலும் ஒழுங்கான தூக்கமும் கொடுக்கும் விடுதி, எந்தக் கலவைத் திட்டத்தையும்விட அந்தப் பிள்ளைக்கு மேல். அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு, பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் என்பவையும் அந்த வீட்டுக்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுப் போவது எல்லாப் பிள்ளைக்கும் ஆகாது. விடுதியில் ஒரே விளையாட்டுதான். அடிபட்டாலோ ஆர்வம் போனாலோ திரும்பி வந்து பழைய பள்ளியில் உட்காருவதற்குத் தெம்பு வேண்டும். வசதியான வீடு, பிள்ளை ஆறாம் வகுப்பு என்றால் அவசரமே இல்லை, 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் மறுபடி கதவு திறக்கும். விடுதிக்கு மனமில்லாதவர்கள் மாவட்டங்களில் ஆணையம் நடத்தும் ஸ்டார் அகாடமிகளையும் விசாரிக்கலாம், அங்கே தங்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பதினோரு வயதிலிருந்து பதிமூன்றுக்குள் எத்தனையோ பெண் குழந்தைகள் சத்தமில்லாமல் கிரவுண்டைவிட்டுப் போய்விடுகிறார்கள். மாதவிடாய், உடை மாற்ற இடமில்லாமை, மாலை இருட்டு, வீட்டுப் பேச்சு என்று காரணங்கள் அடுக்கிக்கொண்டே போகும். அவர்களுக்கு எந்த வழி என்பதைவிட, அங்கே பெண் கோச்சோ உதவியாளரோ இருக்கிறாரா, கழிவறை எப்படி இருக்கிறது, கூட எத்தனை பெண் பிள்ளைகள் வருகிறார்கள் என்பது முக்கியம். தினமும் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு எடை குறைக்கச் சொல்லும் கோச்சிடம் இந்த வயதுப் பெண்ணை விடவே கூடாது. களைப்பு தொடர்ந்தால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்த்துவிடுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் போன்றவற்றில் சீக்கிரம் தொடங்கித்தான் ஆக வேண்டும். அங்கேகூட ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்குக் குறைந்தபட்ச வயதை 16ஆக 1997இல் உயர்த்த வேண்டி வந்தது. டேபிள் டென்னிஸ் மாதிரி கைத்திறன் விளையாட்டிலும் முன்னால் தொடங்குவதில் தப்பில்லை. தொடங்குவதும் அதில் மட்டும் ஒடுங்குவதும் ஒன்றில்லை, அதை நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

ஏற்கெனவே ஒற்றை விளையாட்டு அகாடமியில் சேர்த்துவிட்டீர்கள், பிள்ளையும் சந்தோஷமாகப் போகிறது என்றால் அதைப் பிடுங்க வேண்டாம். ஆறு நாளை மூன்றாக்குங்கள், வேறு விளையாட்டுக்கு இரண்டு நாள், மீதி சும்மா. புதிதாகச் சேர்ப்பவர்கள் கட்டணம் கட்டும் முன் கோச்சிடம் சில கேள்விகள் கேட்கலாம். இந்த வருடம் எந்த மாதத்தில் என்ன செய்வீர்கள்? நெட்ஸில் பந்துக் கணக்கு வைக்கிறீர்களா? பத்து வயதில் இங்கே சேர்ந்த எத்தனை பேர் பதினாறு வயதிலும் வருகிறார்கள்? கடைசியாக, மே மாதம் முழுக்க லீவு வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "போய்ட்டு வாங்க, ஜூன் முதல் வாரம் மெதுவா ஆரம்பிக்கலாம்" என்று சொன்னால் அன்றைக்கே சேர்த்துவிடலாம். "ஒரு மாசம் வரலன்னா டீம்ல இடம் போயிடும்" என்று பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னாலேயே சொன்னால், பணத்தை எடுக்காமல் இன்னொரு கிரவுண்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.